புது டெஸ்க்டாப்புக்குப் பாகம் வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை பார்ப்பவரின் மகன் என்று யாராவது ஒருவருக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு கம்ப்யூட்டராவது அசெம்பிள் செய்து கொடுக்கிறேன். தொழில் இல்லை, பழக்கதோஷம். ஆள்தான் மாறுகிறார், கேள்வி மாறுவதில்லை. போனில் திரும்பத் திரும்பச் சொன்னதையெல்லாம் இங்கே ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். விலை மட்டும் எழுதவில்லை. எழுதினால் ஒரு மாதத்தில் பொய்யாகிவிடும்.

ஒரு நல்ல கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ண எவ்வளவு ஆகும்ணே?

என்ன வேலைக்கு என்று சொன்னால்தான் கணக்கு வரும். டேலி, பில் போடுவது, ஆன்லைன் வகுப்பு, யூடியூப் என்றால் இன்டெல் கம்பெனியின் ஐ3 வகைப் பிராசசரிலேயே (கம்ப்யூட்டரின் மூளையான சிப்) முடிந்துவிடும். கிராபிக்ஸ் கார்டு (திரைக்குப் படம் தயாரிக்கும் தனி அட்டை) தேவையில்லை. கோரல்ட்ரா, போட்டோஷாப் என்றால் பிராசசர் ஒரு படி மேலே, ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்) இரண்டு மடங்கு. வீடியோ எடிட்டிங், கேம், த்ரீடி என்றால் மொத்தக் காசில் மூன்றில் ஒரு பங்கை கிராபிக்ஸ் கார்டே தின்றுவிடும்.

பட்ஜெட் போடும்போதே மானிட்டர், கீபோர்டு, மவுஸ், யூபிஎஸ் நான்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பலர் பெட்டிக்கு மட்டும் கணக்குப் போட்டுவிட்டு யூபிஎஸ்ஸை "அடுத்த மாசம் பார்ப்போம்" என்று தள்ளிவைக்கிறார்கள். எங்கள் விருதுநகர்ப் பக்கம் அந்த அடுத்த மாதத்துக்குள் ஓர் இடிமழை வந்துவிடும்.

ரெடிமேடா கம்பெனி பெட்டியே வாங்கிடலாமே? இல்ல லேப்டாப்?

தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்றால் லேப்டாப்தான், பேச்சே இல்லை. ஒரே மேசையில் உட்கார்ந்து செய்யும் வேலையென்றால் அதே காசுக்கு டெஸ்க்டாப்பில் வேகம் அதிகம். நாலு வருடம் கழித்து ரேமை மட்டும், கார்டை மட்டும் மாற்றவும் முடியும். ரெடிமேட் டெஸ்க்டாப்புகளில் பல மாடல்களுக்கு மதர்போர்டும் (எல்லாப் பாகமும் மாட்டும் பலகை) எஸ்எம்பிஎஸ்ஸும் (பாகங்களுக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் கருவி) அந்தக் கம்பெனிக்கே உரிய அளவில் இருக்கும்; கெட்டுப்போனால் வெளியில் மாற்றுக் கிடைப்பது கஷ்டம். ஆனால் ஓர் அலுவலகத்துக்கு இருபது வாங்குகிறீர்கள், ஆள் நேரில் வந்து சரிசெய்ய வேண்டும் என்றால் ரெடிமேடில்தான் நிம்மதி.

ஒருத்தர் 12 ஆயிரத்துக்கு ஐ7 தர்றேங்கிறார். ஐ3-ஐ விட ஐ7 நல்லதுதானே?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே இதை எழுத உட்கார்ந்தேன். ஐ7 என்பது வரிசையின் பெயர். அது எந்த வருடத்துச் சரக்கு என்பதைப் பின்னால் வரும் எண்தான் சொல்லும். ஐ7-3770 என்றால் மூன்றாம் தலைமுறை, 2012-இல் வந்தது. ஐ3-12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை, 2022. இரண்டுக்குமே நான்கு கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதி), எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை) மட்டும்தான். ஆனால் பத்து வருடத்தில் ஒரு கோர் செய்யும் வேலை எங்கேயோ போய்விட்டது. அந்த ஐ3 இந்த ஐ7-ஐச் சுலபமாக முந்திவிடும்.

மலிவு ஐ7 பெட்டிக்குள் பெரும்பாலும் இருப்பது, ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப் போட்ட பிராசசர், அந்தப் பழைய பிராசசருக்கென்றே இப்போதும் புதிதாகச் செய்துவரும் எச்61 போர்டு, கலர் கலராய் விளக்கு எரியும் கேபினெட் (வெளிக்கூடு). விளக்கைப் பார்த்தே வாங்கிவிடுகிறார்கள். இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது. ஆக, வாங்கிய அன்றைக்கே அது பழசு.

இன்டெல்லா, ஏஎம்டியா?

பிராசசர் செய்யும் கம்பெனிகள் இவை, இரண்டுமே நல்லதுதான். கம்பெனியை விட்டுவிட்டு, பிராசசர் உட்காரும் சாக்கெட்டைப் பாருங்கள். நாளைக்கு எதை மாற்ற முடியும், எதை முடியாது என்பது அதில்தான் இருக்கிறது. இன்டெல்லின் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் 12, 13, 14-ஆம் தலைமுறைகள் உட்காரும், அதோடு சரி. ரேம் வகை, போர்டைப் பொறுத்து டிடிஆர்4 அல்லது அதற்கு அடுத்த தலைமுறையான டிடிஆர்5. அடுத்து வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ 1851 என்று வேறு சாக்கெட், டிடிஆர்5 மட்டும்.

ஏஎம்டியில் ஏஎம்4 சாக்கெட் பழையது: டிடிஆர்4, பாகங்கள் மலிவு, ஆனால் அதற்கு மேல் போக வழி குறைவு. 2022-இல் வந்த ஏஎம்5 டிடிஆர்5 மட்டுமே ஏற்கும். 2027 வரையாவது இந்தச் சாக்கெட்டைத் தொடர்வோம் என்று கம்பெனி சொல்லியிருக்கிறது. மூன்று வருடம் கழித்துப் பிராசசரை மட்டும் மாற்றும் ஆசை உங்களுக்கு இருந்தால் ஏஎம்5. வாங்கியதை ஏழெட்டு வருடம் தொடவே மாட்டீர்கள் என்றால் இந்தக் கவலையே வேண்டாம், அன்றைக்கு எது மலிவோ அது.

நம்பருக்குப் பின்னாடி எஃப், கே, ஜின்னு வருதே, அது என்ன?

இன்டெல்லில் எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு போடாமல் திரையில் ஒன்றும் வராது. என் சித்தப்பா மகன் சில நூறு ரூபாய் மிச்சம் என்று ஐ5-12400எஃப் வாங்கிவிட்டு, கறுப்புத் திரையை இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் அந்த மிச்சத்தைப் போல பல மடங்கு கொடுத்து ஒரு கார்டு வாங்கினான். கே என்றால் ஓவர்கிளாக் (குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) செய்யத்தக்கது; அதற்கேற்ற இசட் வகை போர்டும் நல்ல கூலரும் இல்லாவிட்டால் அந்த எழுத்துக்குக் கொடுத்த காசு வீண்.

ஏஎம்டியில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஏஎம்4-இல் 5600, 5600எக்ஸ் இரண்டிலும் எஃப் என்ற எழுத்து இல்லை, ஆனாலும் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. 5600ஜி போல ஜி என்று வந்தால்தான் உண்டு. ஏஎம்5-க்கு வந்ததும் முறை மாறிவிட்டது: 7600 போன்றவற்றில் படம் காட்டும் அளவுக்குச் சின்ன கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும், 7500எஃப்-இல் இருக்காது. எழுத்தை நம்பி மட்டும் வாங்காமல், முழு மாடல் எண்ணைக் கம்பெனியின் தளத்தில் ஒருமுறை தட்டிப் பார்த்துவிடுங்கள்.

மதர்போர்டுல எதைப் பார்க்கணும்? எல்லாம் ஒரே மாதிரிதான இருக்கு?

முதலில் சாக்கெட்டும் ரேம் வகையும் (மேலே சொன்னது). அப்புறம் எத்தனை ரேம் ஸ்லாட், எத்தனை எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பு டிரைவைச் சொருகும் இடம்). இன்டெல்லுக்கான எச்610 போர்டுகளில் ரேமுக்கு இரண்டு ஸ்லாட்தான், பலவற்றில் எம்.2 ஒன்றுதான். இன்டெல்லில் பி760, ஏஎம்டியில் பி650 வகைக்குப் போனால் இரண்டும் கூடும், பிராசசருக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பகுதியும் திடமாக இருக்கும். ஐ3-க்கு எச்610 போதும். ஐ7 வாங்கி எச்610-இல் மாட்டுவது மாட்டு வண்டியில் லாரி எஞ்சினை வைப்பது.

இன்னொன்று பயாஸ் (போர்டுக்குள்ளேயே இருக்கும் தொடக்க மென்பொருள்). போர்டு கடையில் ஒரு வருடம் தூங்கியிருந்தால், அதற்குப் பின் வந்த பிராசசரை அதற்கு அடையாளம் தெரியாது. வாங்கும்போதே "இந்தப் பிராசசருக்கு பயாஸ் ஏத்திக் கொடுங்க" என்று கேளுங்கள். பிராசசர் இல்லாமலே பென் டிரைவில் பயாஸ் ஏற்றும் வசதியுள்ள போர்டு கிடைத்தால் இன்னும் நல்லது.

8 ஜிபி ரேம் போதுமா?

இன்றைக்கு விண்டோஸ் 11-உம் குரோமும் சேர்ந்தாலே அதில் பாதிக்கு மேல் போய்விடும். 16 என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவகாசியில் காலண்டர் டிசைன் செய்யும் என் மைத்துனருக்கு 32 போட்டிருக்கிறேன். அவர் கோரல்ட்ரா, போட்டோஷாப் இரண்டையும் திறந்துவைத்து, நடுவில் இருபது பிடிஎஃப்பும் வைத்திருப்பார்.

ஒரே 16-ஐவிட இரண்டு 8 வேகமானது. இரண்டு சானலில் ஒரே நேரத்தில் ஓடும், உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள பிராசசர்களில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஆனால் போர்டில் இரண்டே ஸ்லாட் இருந்து, பின்னால் 32 ஆக்கும் எண்ணமும் இருந்தால், இப்போதைக்கு ஒரே 16 வாங்குவதும் தப்பில்லை. நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு ரேமைப் பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் மாட்டுவதுதான் வழக்கம். போர்டின் கையேட்டில் படமே இருக்கும்.

பழைய கம்ப்யூட்டர் ரேமை இதுல போட்டுக்கலாமா?

டிடிஆர்3, 4, 5 மூன்றுக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில். ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று இறங்காது. அமுக்கிப் பார்க்காதீர்கள். டிடிஆர்4 போர்டு வாங்கினால் பழைய டிடிஆர்4-ஐத் தாராளமாகப் போடலாம், இரண்டில் குறைந்த வேகத்தில் ஓடும்.

எஸ்எஸ்டியா, ஹார்ட் டிஸ்க்கா? எம்.2-ன்னா எல்லாம் ஒண்ணுதானே?

விண்டோஸ் இருக்கும் டிரைவ் எஸ்எஸ்டியாக மட்டுமே இருக்க வேண்டும். கல்யாண வீடியோ, போட்டோ சேர்த்து வைக்க வேண்டுமானால் ஹார்ட் டிஸ்க்கைக் கூடுதலாகப் போடுங்கள். எம்.2 என்பது வடிவத்தின் பெயர், வேகத்தின் பெயர் அல்ல. அதே வடிவத்தில் சாட்டா வகையும் உண்டு, என்விஎம்இ வகையும் உண்டு. சாட்டா நொடிக்கு 550 எம்பி அளவோடு நின்றுவிடும். என்விஎம்இ ஜென்3 (மூன்றாம் தலைமுறை) என்றால் 3,500 வரை, ஜென்4 என்றால் 7,000 வரை போகும். சில போர்டுகளின் எம்.2 ஸ்லாட் சாட்டா வகையை ஏற்காது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் 3,500-க்கும் 7,000-க்கும் உள்ள வித்தியாசம் எக்செல் திறப்பவருக்குத் தெரியவே தெரியாது. அந்தக் காசை 500 ஜிபியை 1 டிபி ஆக்குவதில் போடுங்கள்.

கேபினெட்டோட எஸ்எம்பிஎஸ் ஃப்ரீயா வருதே, அது போதாதா?

போதாது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நானே அடிபட்டேன். பல வருடத்துக்கு முன் கேபினெட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ்ஸை மைத்துனரின் பழைய பெட்டியில் விட்டுவைத்தேன். ஒரு மே மாதம் மின்சாரம் போய்ப் போய் வந்தது. எஸ்எம்பிஎஸ் புகைந்தது, தான் போனதோடு மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போனது. அந்த வருடத்து காலண்டர் டிசைன் மொத்தமும் அதில்தான் இருந்தது. இன்றைக்கும் தீபாவளிக்குப் போனால் அந்தப் பேச்சு வரும்.

ஸ்டிக்கரில் 450 வாட் என்று பெரிதாக எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். அதே ஸ்டிக்கரில் 12 வோல்ட் லைனுக்கு எத்தனை ஆம்பியர் என்று சின்ன எழுத்தில் இருக்கும். 18 ஆம்பியர் என்றால் 12 × 18 = 216 வாட். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது அந்த லைனில்தான். அந்த எஸ்எம்பிஎஸ்ஸின் உண்மையான பலம் அவ்வளவே. நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் இந்த லைன் மட்டுமே 400 வாட்டுக்கு மேல் தரும்.

80 பிளஸ் பிரான்ஸ் (வெண்கல முத்திரை) என்றால் பாதிச் சுமையில் 85 சதவீதம் வீணாகாமல் தருகிறது என்று பொருள். அது மின்சாரச் சிக்கனத்துக்கான சான்று, பாதுகாப்புக்கானது அல்ல. ஆனால் அதை வாங்கும் அளவுக்குச் செய்தவர்கள் உள்ளேயும் ஓரளவு ஒழுங்காகவே செய்திருப்பார்கள். ஐந்து வருட வாரன்டி உள்ளதாகப் பாருங்கள். கார்டு இல்லாத பெட்டிக்கு 450, நடுத்தர கார்டுக்கு 550 முதல் 650 வாட் போதும்.

யூபிஎஸ் எத்தனை விஏ வாங்கணும்? வீட்ல இன்வெர்ட்டர் இருக்கே?

விஏ வேறு, வாட் வேறு. 600 விஏ யூபிஎஸ் பொதுவாக 360 வாட்தான் தாங்கும். கார்டு இல்லாத பெட்டியும் மானிட்டரும் சேர்ந்து 100 வாட் அளவில்தான் இழுக்கும், அதற்கு இது போதும். பத்து நிமிடம் கிடைக்கும், சேவ் செய்து மூடிவிடலாம். கார்டு உள்ள பெட்டிக்கு 1,000 விஏ பாருங்கள். உள்ளே இருக்கும் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும், மாற்றத்தான் வேண்டும். லேசர் பிரிண்டரை அதில் சொருகாதீர்கள், சூடேறும்போது அது இழுக்கும் மின்சாரத்தை யூபிஎஸ் தாங்காது.

இன்வெர்ட்டர் போதுமா என்றால்: எஸ்எம்பிஎஸ் மின்சாரம் இல்லாமல் தாக்குப்பிடிப்பது 15 மில்லிவினாடி அளவுதான். சாதாரண நிலையில் உள்ள இன்வெர்ட்டர் மாறுவதற்குள் பெட்டி அணைந்து மறுபடி எழுந்திருக்கும். பல இன்வெர்ட்டர்களின் பின்னால் யூபிஎஸ் என்று ஒரு ஸ்விட்ச் உண்டு, அதில் வைத்தால் மாறும் நேரம் குறையும். சைன் வேவ் இன்வெர்ட்டராக இருப்பதும் முக்கியம். ஸ்கொயர் வேவ் வகையோடு இன்றைய நல்ல எஸ்எம்பிஎஸ்கள் ஒத்துப்போவதில்லை.

கேபினெட்டைத் தொட்டா சுர்ருங்குது. எஸ்எம்பிஎஸ் கெட்டதா?

பெரும்பாலும் இல்லை, உங்கள் பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரைச்சலை வடிகட்டும் சின்ன கெப்பாசிட்டர்கள், கசியும் கொஞ்சம் மின்சாரத்தை எர்த் வழியாக இறக்கிவிடப் பார்க்கும். எர்த் இல்லாவிட்டால் அது கேபினெட்டிலேயே நிற்கும். புது பாகம் வாங்காதீர்கள், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மூன்று பின்னை இரண்டு பின்னாக்கும் கன்வெர்ட்டரில் சொருகியிருந்தால் முதலில் அதைத் தூக்கிப் போடுங்கள்.

கிராபிக்ஸ் கார்டு கண்டிப்பா வேணுமா? 4 ஜிபி கார்டு மலிவா வருதே?

வேலையைச் சொல்லுங்கள் என்று முதல் பதிலிலேயே கேட்டிருக்கிறேன். உள்ளே கிராபிக்ஸ் உள்ள பிராசசர் என்றால் அலுவலக வேலைக்கும் 4கே வீடியோ பார்க்கவும் கார்டு வேண்டாம். மலிவாக வரும் "4 ஜிபி கார்டு" பெரும்பாலும் ஜிடி 730 வகை, 2014-இல் வந்தது. இன்றைய ஐ5-க்குள் சும்மா இருக்கும் கிராபிக்ஸே அதற்கு ஈடுகொடுக்கும். ஜிபி என்பது கார்டின் நினைவகம், வேகம் அல்ல.

உண்மையிலேயே வேண்டுமானால், ஒரே பெயரில் இரண்டு கார்டு வருவதைக் கவனியுங்கள். ஆர்டிஎக்ஸ் 3050-இல் 8 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு உண்டு. குறைவது நினைவகம் மட்டுமில்லை, சிப்பின் கோர்களும்தான். ஆனால் 6 ஜிபி வகை 70 வாட்டிலேயே ஓடும், தனி பவர் கேபிள் கேட்காது; பழைய பெட்டிக்கு அதுதான் தோது. இன்னொரு கண்ணி ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி: நான்கு பிசிஐஇ லேன் (போர்டோடு பேசும் பாதை) மட்டுமே உள்ளதால் ஜென்3 போர்டில் இன்னும் மெதுவாகும், வீடியோவைச் சுருக்கிப் பதியும் என்கோடரும் கிடையாது. எடிட்டிங் செய்பவர் அதை வாங்கவே கூடாது.

கார்டும் போட்டாச்சு, ஆனா கேம் மெதுவாத்தான் ஓடுது?

மானிட்டர் கேபிளை எங்கே சொருகியிருக்கிறீர்கள்? மதர்போர்டில் என்றால் கழற்றிக் கீழே உள்ள கார்டில் சொருகுங்கள். பத்தில் பாதிப் பேருக்கு இதுதான். அடுத்து, 6000 என்று எழுதிய டிடிஆர்5 ரேமும் பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை எழுதிய வேகத்தில் ஓட்டும் அமைப்பு), ஏஎம்டி என்றால் எக்ஸ்போ, ஆன் செய்யும் வரை 4800-இல்தான் ஓடும்.

எங்க ஊர் வெயிலுக்கு வாட்டர் கூலிங் வேணுமில்ல?

65 வாட் பிராசசர்களுக்கு, அந்தப் பிராசசரின் பெட்டியோடு வரும் கூலரே போதும். நம் ஊரில் வெயிலைவிட எதிரி தூசி. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கேபினெட்டை விட்டுவிட்டு, வலை முகப்பும் கழற்றிக் கழுவும் ஃபில்டரும் உள்ளதை வாங்குங்கள். முன்னால் இரண்டு ஃபேன், பின்னால் ஒன்று. மேசைக்கு அடியில் தரையில் வைக்காதீர்கள், துடைப்பம் போகும் தூசியெல்லாம் உள்ளே போகும்.

ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கலாமா, ஆன்லைன்லயா?

சென்னையில் இருந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சுற்றுச் சுற்றுங்கள், அண்ணா சாலையை ஒட்டி சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம். நாலு கடையில் எழுதி வாங்கினால் விலை தெரிந்துவிடும். எங்கே வாங்கினாலும் ஜிஎஸ்டி பில், அதில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண். "பில் இல்லாம எடுத்தா 18 சதவீதம் மிச்சம்" என்பார்கள். வாரன்டிக்குப் போகும் அன்று அந்த மிச்சம் திரும்பிப் போய்விடும்.

கடையில் பெட்டி உங்கள் கண் முன்னால் பிரிக்கப்பட வேண்டும். பிராசசர் பெட்டியில் இல்லாமல் தனியாக, டிரே என்று சொல்லிக் கொடுத்தால் வாரன்டி யாருடையது, எத்தனை வருடம் என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். பட்டியலில் "16 ஜிபி ரேம், 500 ஜிபி எஸ்எஸ்டி" என்று மட்டும் போட்டிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். கம்பெனி, மாடல் எண் இரண்டும் வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

பிராசசர், ரேம், கேபினெட் வாங்கலாம். எஸ்எம்பிஎஸ்ஸும் ஹார்ட் டிஸ்க்கும் வேண்டாம். கார்டு வாங்கினால் அரை மணி நேரம் ஓட்டிக்காட்டச் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

பிராசசரிலும் ஒரு விதிவிலக்கு. இன்டெல் 13, 14-ஆம் தலைமுறையின் பெரிய பிராசசர்கள் (ஐ7-13700கே, ஐ9-14900கே போன்றவை) தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு நாளடைவில் நிலைகுலைவதை 2024-இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, பயாஸ் வழியாகத் திருத்தம் கொடுத்தது. வாரன்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. திருத்தம் இனிமேல் கெடாமல் காக்கும், ஏற்கெனவே கெட்டதைச் சரிசெய்யாது. பழைய சொந்தக்காரர் பயாஸ் ஏற்றினாரா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? இவற்றைப் புதிதாகவே வாங்குங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

நானே அசெம்பிள் பண்ணலாமா? ஷாக் அடிக்குமா?

பண்ணலாம், ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் போதும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு வேலை செய்தால் ஷாக் அடிக்காது. எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் எந்த நாளும் திறக்காதீர்கள். பயப்பட வேண்டிய இடம் பிராசசர் சாக்கெட். இன்டெல்லிலும் ஏஎம்5-இலும் ஊசி போன்ற பின்கள் போர்டில் இருக்கும். ஒன்று வளைந்தாலும் வாரன்டி கிடைக்காது. முக்கோணக் குறியைப் பொருத்தி, கையை விட்டால் தானாக உட்கார வேண்டும். போர்டை மாட்டும் முன் கேபினெட்டில் பித்தளை ஸ்டாண்டாஃப்கள் (போர்டைத் தாங்கும் குட்டித் தூண்கள்) சரியான துளைகளில் இருக்கின்றனவா பாருங்கள், தேவையில்லாத இடத்தில் ஒன்று நின்றாலும் ஷார்ட் ஆகும்.

கரண்ட் பில் எகிறிடுமா?

100 வாட், நாளைக்கு 5 மணி நேரம் என்றால் அரை யூனிட். இரண்டு மாத பில்லில் 30 யூனிட். ஏசியைப் பற்றிக் கவலைப்படுங்கள்.

கொஞ்சம் பொறுத்தா விலை குறையுமா?

முன்பெல்லாம் பொறு என்பேன். 2025-இன் கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டதில் ரேம் விலை மடங்காக ஏறியது, எஸ்எஸ்டியும் பின்னாலேயே ஏறியது. இப்போது என் பழக்கம்: தேவை இருந்தால் வாங்கு, ஆனால் ரேமை மட்டும் பின்னால் ஏற்றிக்கொள்ளும்படி ஒரு ஸ்லாட்டைக் காலியாக விடு.

எல்லாம் மாட்டி ஆன் பண்ணேன். ஃபேன் சுத்துது, திரை கறுப்பு. போர்டு போச்சா?

டிடிஆர்5 பெட்டி என்றால், குறிப்பாக ஏஎம்5 என்றால், முதலில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். முதல்முறை ஆன் செய்யும்போது போர்டு ரேமைப் பழக்கிக்கொள்ளும். சில நிமிடம் திரையில் ஒன்றும் வராது. அந்த நேரத்தில் பயந்து ஆஃப் செய்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இப்படி ஒருவர் இரவு முழுக்க ஆன் ஆஃப் செய்துகொண்டே இருந்தார்.

பத்து நிமிடம் ஆகியும் வரவில்லையென்றால் வரிசையாகப் பாருங்கள்: பிராசசருக்கான 8 பின் கேபிள் (போர்டின் மேல் மூலையில், பலரும் மறப்பது) சொருகியிருக்கிறதா, ரேம் டக்கென்று சத்தம் வரும்வரை இறங்கியிருக்கிறதா, மானிட்டர் கேபிள் சரியான இடத்தில் இருக்கிறதா, வாங்கியது எஃப் பிராசசரா. ஒரே ஒரு ரேமை மட்டும் வைத்து முயன்று பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் அப்புறம் என்னைக் கூப்பிடுங்கள். வரும்போது பில்லை எடுத்து வையுங்கள்.